வல்லாரைத் துவையலில் நான் கலந்தது

திருவொற்றியூர்,
புதன்கிழமை

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அம்மா பூவம்மா ஜெய்பீம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படியே இருக்கவேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, எத்தனை வருஷப் பழக்கம், ஆனால் இந்தத் தடவை அதை எழுத மாட்டேன். எதிர்வீட்டு கௌசரின் மகள் லுப்னா வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தினம் போனில் பேசுகிற அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தால் என் வாய் தானாக நல்லா இருக்கோம், சாப்ட்டோம் என்று சொல்லிவிடுகிறது. பேனாவைப் பிடித்தால் அப்படி ஓட முடியவில்லை, ஒவ்வொரு எழுத்தாகப் போடவேண்டியிருக்கிறது. டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் படிக்காதே, வந்து உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல இடம் வராது. உன் அண்ணன் மகள் விசாகா ஒன்பதாவது அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருக்கிறாள். நம் மாடியில் பதினாறு வீடு இருக்கிறதல்லவா, பதினாறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னா ஆயா, மைக்செட் கட்டி சொல்றதுதானே என்று விசாகாவே கிண்டல் பண்ணினாள். கட்டுவேன், பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்றேன். அஞ்சாவதோடு நின்றவள் நான், எனக்கு மேலே நீ நர்ஸ் ஆனாய், உனக்கு மேலே இவள் போவாள். இந்த ஒன்றில்தான் என் பெருமைக்கு இன்னும் தலை நிமிர இடம் இருக்கிறது, மற்றதை எல்லாம் நானே கெடுத்துக்கொண்டேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பீம்ராவின் தோஸ்து செல்வநாதன் கன்டெய்னர் யார்டில் பெட்டி இடித்துச் செத்தது உனக்குத் தெரியும், அன்றைக்கு கிரேன் ஓட்டியது நம் பீம்ராவ் என்பதும் தெரியும். விசாரணையில் இவன் மேல் தப்பில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான், மனசில் வைக்கவில்லை. அதற்கு முன்னால் அவன் குடித்ததே இல்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். மாதத்தில் ஒருநாள் இரண்டுநாள் குடித்துவிட்டு வந்து முகம் கழுவி பாக்கு மென்றபடி படுப்பான், நான் பார்க்காதது மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். செல்வநாதன் போன பிறகு அது தினம் ஆயிற்று. தினம் ஆன பிறகு வேறொன்று வந்து அவன் மேல் உட்கார்ந்தது. குடித்த அன்றைக்கு அழுவான், குடிக்காத அன்றைக்கு அழக்கூட மாட்டான். வேலைக்குக் கிளம்ப ஒரு கால் ஷூவைப் போட்டுக்கொண்டு அடுத்த காலுக்குப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பான், யார்டு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். அது டிப்ரஷன் அம்மா, குடியும் அதுவும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, கூட்டிப் போ என்று நீ மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் சரி என்றேன். போகவில்லை. மாத்திரை தின்றால் மூளை மழுங்கிவிடும், வேலை போய்விடும் என்றெல்லாம் உன்னிடம் நான் சொன்னது சாக்கு. உன் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கிய மனுஷர், சுற்றி எல்லோரும் குடிக்கிற இடத்தில் இருந்துகொண்டு ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் போன நாளிலிருந்து பதினாறு வருஷமாக நம் புத்த விகாரில் ஞாயிற்றுக்கிழமை பஞ்சசீலத்தை நான்தான் முன்னால் நின்று படிக்கிறேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட நீலமேகத்தின் மகன் குடிநோய்க்குச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறான் என்று ஒரு வாய் பேசிவிடக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

நானே சரி பண்ணிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். காலையில் வெறும் வயிற்றில் நீர்ப்பிரம்மிச் சாறு, சோற்றுக்கு வல்லாரைத் துவையல், சாயங்காலம் பாலில் அமுக்கராப் பொடி. இங்கே வாய்க்கால் ஓரத்தில் முளைப்பதைப் பறிக்க முடியாது, அதில் எண்ணெய் மிதக்கிறது, காலடிப்பேட்டை மார்க்கெட் கீரைக்காரியிடம் சொல்லிவைத்து வாங்கினேன். இன்னாமா, என்ன தொழுவத்துல கட்டிட்டியா, மூணு வேளையும் தழையா போடுற என்பான், ஆனால் தின்பான். நான் கொடுப்பதை அவன் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. ஒருநாள் காலையில் தானாகவே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வல்லாரைக் காம்பைக் கிள்ளினான். அரை மணி நேரம் கிள்ளிவிட்டு, இத்த துன்னா மூள வளரும்னு சொல்றாங்களே, மெய்யாவாமா என்று கேட்டான். இருந்தா வளரும்டா என்றேன். சிரித்தான் மித்ரா, செல்வநாதன் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பு கீரையால் வந்ததா, ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து ஒரு வேலை செய்ததால் வந்ததா, இன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாம் என் கீரை என்றுதான் நினைத்தேன். தூக்கம் கொஞ்சம் வந்தது, குடி கொஞ்சம் குறைந்தது. பிறகு பொங்கல் வாரத்தில் மறுபடியும் நாலு நாள் தொடர்ந்து குடித்தான், மாடிப்படியில் விழுந்து கிடந்தான், உன் அண்ணி ராமசெல்வியும் விசாகாவும் இரண்டு பக்கமும் பிடித்து மேலே ஏற்றினார்கள். அந்தக் கோபத்தில் ராமசெல்வி வாசலில் நின்று, ஒருநாள் இல்ல ஒருநாள் உன் சோத்துல எத்தயாச்சும் கலந்து வெச்சிட்டு நானும் துன்னுட்டுப் படுத்துடப் போறேன் பாரு என்று கத்தினாள். பதினாறு வீடும் கேட்டது. இதை நினைவில் வை.

அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் கீழ்வீட்டு ஜூடி என் காதில் ஒன்று போட்டாள். மூலக்கொத்தளத்தில் ஒருத்தர் குடியை மறக்கவைக்கிற சூரணம் தருகிறார், அவள் கொழுந்தனுக்கு அதில்தான் நின்றதாம். ஒரு சிட்டிக தான் ஆயா, கொயம்புல போட்டா அவனுக்கே தெரியாது, தெரியவும் கூடாது என்றாள். போனேன். ஒரு சந்துக்குள் சின்ன அறை, வெளியே பெயர்ப் பலகைகூட இல்லை, உள்ளே எனக்கு முன்னால் ஏழெட்டுப் பொம்பிளைகள், எல்லோரும் முக்காடு போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு. அவர்களைப் பார்த்ததும் நாம் தனியாக இல்லை என்று எனக்குத் தைரியம்தான் வந்தது. என்னென்ன மூலிகை என்று அந்த ஆளைக் கேட்டேன். இருபத்தொண்ணு என்றான், பேர் சொல்லவில்லை. பெத்தவ கையால வெச்சா பலிக்கும், அவனுக்குத் தெரிஞ்சிட்ட அன்னிக்கு மருந்து செத்துடும் என்றான். நான் ஏமாளி இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டல்லவா, வீட்டுக்கு வந்து முதலில் அதை நானே தின்று பார்த்தேன். அஞ்சு நாள் தினம் ஒரு சிட்டிகை தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றதும் அவனுக்கு ஆரம்பித்தேன். குழம்பில் போட்டால் பிள்ளையும் தின்னும் என்று யோசித்து அவன் மட்டும் தின்கிற வல்லாரைத் துவையலில் கலந்தேன். அம்மா கை மருந்து என்று நம்பித் தின்ற ஒரே பொருளில்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள் அவன் குடிக்கவில்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தான். விசாகாவை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டான். குளித்தான், முடி வெட்டிக்கொண்டான், ஓடாத மின்விசிறியைக் கழற்றி மாட்டினான். கை நடுங்கும், ராத்திரிச் சோறு இறங்காது, இருந்தாலும் குடிக்கவில்லை. எப்படிம்மா என்று நீ போனில் கேட்டாய், வல்லாரை என்றேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கிளாஸ் எடு என்று நீ சிரித்தாய், நான் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். ராமசெல்வி ஒருநாள் மெதுவாக, அத்த, அவரு ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கினுகீறாரு, பாத்தா பாவமாகீது என்றாள். நீ பேசாம இரு, எல்லாம் தானா நடக்கும் என்று அவளை அடக்கினேன்.

இருபதாம் நாள் செல்வநாதன் இறந்து இரண்டு வருஷம். மாலை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். செல்வநாதன் பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாளாம், குடித்துவிட்டு வெளியே வந்தவன் நேராகப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கினான். பாதிகூடக் குடிக்கவில்லை. தேரடி பஸ் ஸ்டாப்பில் முகம் ரத்தமாகச் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்து விழுந்துவிட்டான். மத்தியான நேரம், பஸ்ஸுக்கு நின்றிருந்த நம் விகார் ஆட்கள் நாலு பேர் அடையாளம் கண்டு ஆட்டோவில் போட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் கீழே இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். நாலு நாள் இருந்தான். இரண்டாம் நாள் மனநலப் பிரிவு டாக்டர் வந்தாள், தஸ்னீம் என்று பெயர், நம் ராயபுரத்துப் பெண், விசாகாவுக்கு அக்கா மாதிரி இருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டிம்மா, பொடி, லேகியம், நாட்டு மருந்து எதுனா குடுத்தீங்களா, நான் திட்ட மாட்டேன், சொன்னாதான் எனக்கு வைத்தியம் பண்ணத் தெரியும் என்று கேட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அந்த விகார் ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள். வல்லாரைக் கீரை தவிர வேறொன்றும் என் கையால் கொடுக்கவில்லை என்றேன். இரண்டாவது தடவை கேட்டாள். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். அவள் ராமசெல்வியைப் பார்த்தாள், தினம் டிபன் கட்டிக் கொடுக்கிறவள் அவள்தானே. சாராயத்தோட சேந்தா இப்படிப் பண்ற மாத்திரை ஒண்ணு இருக்கு, நாங்களே குடுப்போம், ஆனா ஆளுக்குச் சொல்லி, அவரு ஒத்துக்கிட்டு, பக்கத்துல இருந்து பாத்துதான் குடுப்போம், இவருக்கு யாரோ தெரியாம குடுத்த மாதிரி இருக்கு என்றாள். பீம்ராவ் திரும்பி ராமசெல்வியைப் பார்த்தான். பொங்கல் வாரத்தில் அவள் கத்தியது அவனுக்கும் நினைவுக்கு வந்தது, எனக்கும் வந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ராமசெல்வியைப் பார்த்து, சொன்னத செஞ்சிட்டல்ல என்று கேட்டான். அவள் அழுது சத்தியம் பண்ணினாள். விசாகா தலையில் கை வைத்துச் சொல்லவா என்றாள். புள்ள மேல கைய வெச்ச, கலீஜாயிடும் பாத்துக்க என்று எழுந்தான். மறுநாள் சடையங்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், பள்ளிக்கூடம் இருப்பதால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு. போகும்போது என் காலைத் தொட்டு, அத்த, நீங்களாச்சும் நம்புறீங்களா என்று கேட்டாள். நம்புறேன், போய் வா என்றேன். அன்று சாயங்காலம் விட்டுப்போன துணிமணியை எடுத்துப் போக அவள் வந்திருந்தபோதுதான் நீ போன் பண்ணினாய். எங்கண்ணனுக்கு வெசம் வெச்சவ நீ, நல்லா இருப்பியா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் கேட்டது, நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவும் அண்ணனும் அவளைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று முந்தின நாள் போனில் நான் சொன்னதை நம்பித்தானே அப்படிக் கேட்டாய்.

அதற்குப் பிறகு உன் அண்ணன் யார் சமைத்ததையும் தொடவில்லை. வாழைப்பழம், ஓட்டோடு வேகவைத்த முட்டை, தோலோடு வறுத்த வேர்க்கடலை, தானே உரித்துத் தின்கிற பொருள் மட்டும். தண்ணீர்கூட கடையில் சீல் வைத்த பாட்டில். ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையைக் கொடுத்தால், இதுல இன்னா கீதோ என்று தள்ளிவிட்டான். வேலைக்குப் போகவில்லை, குடிக்கவும் இல்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டு ரோட்டில் போகிற டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தான், உரித்த முட்டையைச் சில நாள் தின்னவும் மாட்டான். பத்தாம் நாள் குழாயடியில் விசாகா குடத்தை வைத்துவிட்டு அழுதாள். என்னடி என்றால், அப்பா என்னாண்ட, நா இருந்து இன்னா ஆவப்போது, உனுக்கும் பேஜாரு, ஆயாவுக்கும் பேஜாருன்றாரு என்றாள். அன்றிலிருந்து அவனை விட்டு நான் நகரவில்லை, கக்கூஸ் போனாலும் கதவுக்கு வெளியே நின்றேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கௌசரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு விகாருக்குப் போனேன். எழுந்து நின்று சீலம் படித்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், ஐந்தாவதை, போதை தருவதைத் தொட மாட்டேன் என்பதைப் படிக்கும்போது பதினாறு வருஷமாக ஆண்கள் வரிசையைப் பார்த்துத்தான் படிப்பேன். நாலாவதை, பொய் பேச மாட்டேன் என்பதை, யாரையும் பார்க்காமல் தாண்டிவிடுவேன், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. அன்றைக்கு மூன்று முடித்து நாலாவதற்கு வந்தேன், சத்தம் வரவில்லை. எல்லோரும் எனக்குப் பின்னால் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தண்ணீர் கொண்டு வந்து, பாட்டிக்குச் சக்கர எறங்கிருக்கும் என்றார். ஆமாம், சர்க்கரை என்றேன். பார், அந்த இடத்தில் நின்றுகொண்டே இன்னொன்று. வேறொருத்தர் மிச்சத்தைப் படித்தார், நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவுக்குள்ளிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நான்தான் வைத்தேன், ராமசெல்வி இல்லை, மூலக்கொத்தளத்தில் வாங்கியது, பத்தொன்பது நாள் வைத்தேன் என்றேன். எதிலே என்று கேட்டான். துவையலில் என்றேன். கத்துவான், அடிப்பான் என்றுகூட நினைத்தேன். துவையல்லியாமா என்று மட்டும் கேட்டான், சின்னப் பிள்ளையில் கேட்கிற குரலில். பிறகு, அந்த டாக்டரு ரெண்டு வாட்டி கேட்டாங்களே, நீ அப்பவும் சொல்லலியே என்றான். அவ அம்மா வூட்டுக்கு நீயே போ, போய் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு வா என்றான்.

திங்கட்கிழமை சடையங்குப்பம் போனேன். ராமசெல்வியின் அம்மா துடைப்பத்தைக் கீழே போடாமலே வாசலில் நின்று, வந்துட்டாங்கமா, ஊருக்கெல்லாம் சீலம் சொல்ற மகராசி என்றாள். நாலு வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். நல்லதுதான் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன், என் மருமகள் வைக்கவில்லை, நான் வைத்தேன், கேட்டபோது மறைத்தேன், அவள் மேல் பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று. வெளியே சொல்லும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, இதற்கா இத்தனை நாள் என்று எனக்கே தோன்றியது. ராமசெல்வி உள்ளே இருந்து வரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, அத்த, உங்க கால தொட்டு கேட்டேனே, அப்ப கூடவா சொல்லத் தோணல என்றாள். பிறகு, வரேன், அவருக்காகவும் பாப்பாவுக்காகவும் வரேன், உங்களுக்காக இல்ல, இத்த நல்லா தெரிஞ்சிக்கோங்க என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் எனக்கும் அவளுக்கும் நடுவில் வேறொருத்தியை உட்கார விட்டாள்.

நேற்று செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பீம்ராவ் என்னைப் பார்க்காமல், நீ வெளிய குந்து என்றான். பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசையில் தெரிந்த முகம் மூன்று பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள், தலை ஒன்றும் விழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள், எத்தனை சிட்டிகை, எத்தனை நாள், வேறு என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பொட்டலத்தைக் கவரில் போட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டாள், அந்த மாத்திரையை இடித்துக் கலந்திருக்கலாம், ரிசல்ட் வந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள். நானும் தின்று பார்த்தேனே என்றேன். நீங்க குடிக்கிறதில்லையே பாட்டிம்மா, அப்புறம் எப்படித் தெரியும் என்றாள். பரிசோதனை பண்ணினேன் என்று எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தேன். கீரையைக் கேட்டேன். வல்லாரைய சோத்தோட சாப்பிடட்டும், தப்பில்ல, ஆனா கீரைதான் மருந்துன்னு சொல்லி மாத்திரைய நிறுத்தக்கூடாது, அமுக்கரா வேணாம், குடிச்சுக் கெட்ட ஈரலுக்கு ஒத்துக்காமப் போகலாம், எதையும் என்னக் கேட்டுட்டுக் குடுங்க என்றாள். செத்துப்போகணும்னு தோணுதா என்று அவனிடம் நேராகவே கேட்டாள். நான் பயந்துவிட்டேன், கேட்டால் அது வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, தோணுச்சு என்றான். எப்பெப்ப, எப்படி என்று அவள் பதறாமல் கேட்டாள், அவன் சொன்னான். இத்தனை நாள் எங்களில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை பார்.

பிறகுதான் அவன் அதைக் கேட்டான். டாக்டர், அந்தப் பொடியாலதான் நான் பத்தொம்போது நாளு குடிக்காம இருந்தேனா என்றான். அவள் பேனாவை வைத்துவிட்டாள். அந்த மாத்திரை ஆசைய அடக்காது, குடிச்சாதான் வேலை செய்யும், அது உள்ள இருக்குன்னு தெரிஞ்சா பயத்துல குடிக்காம இருப்பாங்க, உங்களுக்குத்தான் தெரியவே தெரியாதே என்றாள். அப்ப அந்த பத்தொம்போது நாளும் என்துதானா என்று கேட்டான். உங்களதுதான், முழுசும் உங்களது என்றாள். அத்த அந்தச் சீட்டுல எழுதுங்க டாக்டர் என்றான். எழுதினாள். இங்கிலீஷில் எழுதியதை ராமசெல்வியிடம் கொடுத்து, இன்னா எழுதிகீறாங்க, படி என்றான். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை மித்ரா. அவன் தனியாக நின்று கையும் காலும் நடுங்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நாளையெல்லாம் என் பொடி நடத்துகிறது என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ராமசெல்வி கண்ணுக்குத் தெரிந்தது, என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்று காலை அவன் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். வாரத்துக்கு ஒருநாள் போகவேண்டும், அவனைத் தனியாக விடக்கூடாது, முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். ராமசெல்வி சமைக்கும்போது அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறான், அவள் போட்டதில் இரண்டு கரண்டி தின்றான். நான் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. வாங்கு, பேசு என்று நான் கேட்கப் போவதும் இல்லை. இது சரியாகிவிடும் என்று உனக்கு எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது, அவன் மறுபடி குடித்தாலும் குடிப்பான் என்று டாக்டரம்மாவே சொன்னாள், குடித்தால் மறைக்காமல் வரச்சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விகாரில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன், அதற்குப் பிறகு என்னைப் படிக்க விடுவதும் விடாததும் அவர்கள் இஷ்டம். ஜூடியிடம் சொல்லிவிட்டேன், அவள் கொழுந்தனுக்கு இன்னும் அதைத்தான் வைக்கிறார்களாம், பயந்துபோய் ஓடினாள். உனக்கு அங்கே தெரிந்த பெண்கள் யாராவது இந்த மாதிரிப் பொடி வாங்கி அனுப்பச் சொன்னால் என் பெயரைச் சொல்லியே சொல்லு, வெட்கப்படாதே. மாப்பிள்ளைக்கு வெயிலில் அலையும் வேலை, மோர் கொண்டுபோகச் சொல். பேரனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு, ஆயா கடிதத்தை ஒருநாள் அவன் படிக்கவேண்டும், இந்தக் கடிதத்தையும்தான், பெரியவன் ஆன பிறகு.

நீங்கள் மூன்று பேரும் நோய் இல்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் மறைவு இல்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறேன். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் ராமசெல்விக்குப் பண்ணு. உன்னைவிட அவள் மூன்று வயசு சின்னவள், இருந்தாலும் அண்ணி என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அம்மா பேச்சைக் கேட்டேன் என்று என் தலையில் போடாதே, நீ பேசியது உன் வாய். இங்கே காலை பத்து மணிக்கு மேல் பண்ணு, அப்போது அவன் குளிக்கப் போவான், அவளுக்குப் பேசவோ அழவோ கொஞ்சம் இடம் கிடைக்கும். நான் கீழே இறங்கிப் போய் குழாயடியில் இருப்பேன், பக்கத்தில் நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நீ. பூவம்மா